தொழிலுக்கு ஒரு வக்கீல்: வாசகர் கேள்வி பதில்

கடைக்கு, கம்பெனிக்கு வெளியில இருந்து வக்கீல் வைக்கிறது பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம், வந்ததுல பாதி கேள்வியே இல்ல, புகாரு. அடையாளம் எல்லாம் எடுத்துட்டு நாலு பேருக்கு உதவுறத மட்டும் இங்க போட்டிருக்கேன். ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன், நான் வக்கீல் கிடையாது. மில்லு, எக்ஸ்போர்ட் கம்பெனின்னு லீகல் ஃபைல தூக்கிக்கிட்டு மொதலாளிக்கும் வக்கீலுக்கும் நடுவுல ஓடுற வேலையில இருந்தவன், அதனால ஃபீஸ் குடுக்குறவங்க பக்கம் உக்காந்து பாத்ததத்தான் எழுதுறேன்.

கேள்வி: சார், திருப்பூர்ல நானும் மச்சானும் பார்ட்னரா அட்டைப்பெட்டி யூனிட் நடத்துறோம். ஒரு கார்மென்ட் கம்பெனி 11 லட்சம் பாக்கி. அதுல 4 லட்சத்துக்கு குடுத்த செக் ரிட்டர்ன் ஆகி மெமோ வந்து மூணு வாரம் ஆச்சு. எங்க எடத்துப் பத்திரம் எல்லாம் பாத்த வக்கீல் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்டயே குடுத்துடலாமா, இல்ல கோயமுத்தூர்ல பெரிய வக்கீலா பாக்கணுமா?

பெரிய வக்கீலா சின்ன வக்கீலாங்கிறது அப்புறம். மொதல்ல பேங்க் குடுத்த ரிட்டர்ன் மெமோவ எடுங்க. துண்டு பேப்பர்தான், காரணம் ஒரு வரி, ஒரு சீல், ஒரு தேதி, ஆனா உங்க கேஸே அந்தத் தேதி மேலதான் நிக்குது. செக் திரும்பின தகவல் உங்களுக்கு வந்த நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் அனுப்பியாகணும், நோட்டீஸ் கைக்குப் போனதுல இருந்து அவங்களுக்கு 15 நாள் டைம், அதுக்குள்ள பணம் வரலன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல புகார் போடணும். இதுல கடைசி ஒரு மாசம் தவறிட்டா சரியான காரணம் சொல்லி கோர்ட்ல கேட்டுப் பாக்கலாம், நோட்டீஸோட 30 நாள் தவறிட்டா மன்னிப்புங்கிற பேச்சே கிடையாது. உங்களுக்கு மிச்சம் ஒரு வாரம் சொச்சம்தான், இதழ் அச்சாகி வர்றதுக்குள்ள அதுவும் போயிடும்னு உங்களுக்கு மட்டும் போன்லயே சொல்லியாச்சு, மத்தவங்களுக்காக இத எழுதுறேன். அப்படியே 30 நாள் தாண்டிட்டாலும், செக்குல இருக்குற தேதியில இருந்து மூணு மாசம் முடியலன்னா மறுபடி பேங்க்ல போட்டு, மறுபடி ரிட்டர்ன் ஆச்சுன்னா புதுசா நோட்டீஸ் விடலாம், 2012-ல சுப்ரீம் கோர்ட்டே இது சரின்னு சொல்லிடுச்சு. மூணு மாசமும் போச்சுன்னா செக் கேஸ் போச்சு, சிவில் வழக்குதான்.

இப்ப வக்கீல் விஷயம். பத்திரம் பாத்த வக்கீல் நல்லவராவே இருக்கலாம், ஆனா நேரா ஒரு கேள்வி கேளுங்க: "சார், நீங்க 138 கேஸ் இப்ப எத்தனை நடத்திக்கிட்டு இருக்கீங்க?" (138-ங்கிறது செக் ரிட்டர்ன் கேஸுக்கான சட்டப் பிரிவு.) இதுல கூச்சமே வேணாம். நல்ல வக்கீல்னா அவரே "எனக்கு இது பழக்கமில்ல, இன்னார்கிட்ட போங்க"ன்னு சொல்லிடுவாரு, அப்படி சொல்றவர வேற வேலைக்கு பத்திரமா வச்சுக்கங்க. செக் கேஸுக்கு கோயமுத்தூர் சீனியர் எல்லாம் தேவையே இல்லைங்கிறது என் கருத்து. உங்க கணக்கு இருக்குற பேங்க் கிளை எங்க இருக்கோ அந்த ஏரியா கோர்ட்லதான் புகார் போடப் போறீங்க, 2015 திருத்தத்துக்கு அப்புறம் அப்படித்தான், அதனால அந்தக் கோர்ட்ல தெனமும் நிக்கிற ஆளுதான் உங்களுக்கு வேணும். சீனியர் பேருக்கு காசு குடுத்துட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒவ்வொரு ஜூனியர் வந்து "டைம் கேக்குறோம்"னு சொல்றத எத்தனையோ தடவ பாத்தாச்சு.

நோட்டீஸ் டிராஃப்ட்ட அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க படிச்சே ஆகணும். பாக்கி 11 லட்சம், செக் 4 லட்சம், வக்கீல் ஆபீஸ்ல அவசரத்துல "11 லட்சத்தை 15 நாளுக்குள்ள கட்டு"ன்னு டைப் பண்ணிட்டாங்கன்னா கேஸ் அங்கயே முடிஞ்சுது. நோட்டீஸ்ல கேக்குற தொகை செக் தொகையாதான் இருக்கணும். 2025 செப்டம்பர்ல ஒரு கேஸ்ல செக் 1 கோடி, நோட்டீஸ்ல 2 கோடின்னு போயிடுச்சு, டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லிப் பாத்தாங்க, சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல. செக் தந்ததுக்கு அப்புறம் அந்தப் பார்ட்டி நடுவுல ஏதாவது 50,000, 1 லட்சம்னு ஜிபேல போட்டிருந்தா அதையும் மறைக்காம வக்கீல்கிட்ட சொல்லிடுங்க, அது கணக்கையே மாத்தும். கம்பெனி பேரு செக்குல எப்படி இருக்கோ நோட்டீஸ்லயும் அப்படியே இருக்கான்னும் பாருங்க, பிரைவேட் லிமிடெட்னா கம்பெனியையும் சேத்துதான் எதிரியா போடணும், டைரக்டர மட்டும் போட்டா பத்தாது. எதிரி கோர்ட்டுக்கு வந்து குத்தத்த ஒத்துக்கலன்னு சொன்னதும் இடைக்கால இழப்பீடு கேளுங்க, செக் தொகையில 20 சதவீதம் வரைக்கும் கோர்ட் கட்டச் சொல்லலாம், 2018-ல வந்த திருத்தம், நிறைய பேரு இத கேக்குறதே இல்ல.

மிச்சம் 7 லட்சத்துக்கு வாங்க. உங்க யூனிட்டுக்கு உத்யம் பதிவு (மத்திய அரசோட சிறு தொழில் பதிவு) இருக்குங்களா? தயாரிக்கிற யூனிட், மைக்ரோ அல்லது ஸ்மால்னா, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல பாக்கி நிக்கக் கூடாது, நின்னா ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. இதுக்குன்னே தமிழ்நாட்டுல வசதியாக்கல் கவுன்சில் சென்னை, கோவை, மதுரை, திருச்சின்னு இருக்கு, நேரா நீங்களே ஆன்லைன்ல மனு போட்டு நீங்களே ஆஜராகலாம், வக்கீல் வச்சே ஆகணும்னு இல்ல. அங்க தீர்ப்பு உங்க பக்கம் வந்து எதிர்ப்பக்கம் கோர்ட்டுக்குப் போகணும்னா 75 சதவீதத்த கட்டிட்டுத்தான் போக முடியும், இது பெரிய ஆயுதம். சட்டத்துல 90 நாள்னு போட்டிருந்தாலும் அதுக்கு மேல இழுக்கும், அதுக்கு தயாரா இருங்க. சப்ளை பண்றதுக்கு முன்னாடியே பதிவு இருந்தா பிரச்சனையில்ல, பாக்கி நின்னதுக்கு அப்புறம் போய் பதிவு எடுத்தவங்க விஷயம் கோர்ட்டுகள்லயே சர்ச்சையில இருக்கு, அப்படின்னா மட்டும் வக்கீல ஒரு வார்த்த கேட்டுட்டு போங்க. வாங்கி விக்கிற டிரேடர்ஸ் இந்த வழிய நம்பி உக்காராதீங்க, இது தயாரிப்பும் சேவையும் பண்றவங்களுக்கான வழி.

இன்னொண்ணு, பார்ட்னர்ஷிப்னு சொன்னீங்களே, பத்திரம் எழுதி நோட்டரி போட்டதோட விட்டுட்டீங்களா, இல்ல பதிவாளர்கிட்ட ஃபர்ம் ரிஜிஸ்டர் பண்ணீங்களா? 1932 சட்டத்துல 69-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பதிவாகாத ஃபர்ம் ஒப்பந்தத்த வச்சு சிவில் வழக்கு போட முடியாது. பணம் நிஜமாவே வரவேண்டியிருந்தும் இந்த ஒரு காரணத்துக்காக வழக்கு நிக்காம போனவங்க இருக்காங்க. வழக்கு போடுறதுக்கு முன்னாடி பதிவு பண்ணிட்டா சரியாயிடும், அதனால வக்கீல பாக்கப் போறப்ப ஃபர்ம் பதிவு சான்றிதழும் பார்ட்னர்ஷிப் டீடும் கூட எடுத்துட்டுப் போங்க.

கேள்வி: வணக்கம்ங்க. கரூர்ல ஹோம் டெக்ஸ்டைல் பண்றோம், கேஸ்னு எதுவும் இல்ல. ஆடிட்டர் "மாசச் சம்பளம் மாதிரி ஒரு வக்கீலுக்கு ரிட்டெய்னர் குடுத்து வச்சுக்கங்க"ன்னு சொல்றாரு. கேஸே இல்லாதப்ப வக்கீலுக்கு எதுக்கு மாசாமாசம்னு வீட்டுக்காரரு கேக்குறாரு. யாரு சொல்றது சரி?

ரெண்டு பேரு சொல்றதுலயும் பாதி சரி. கேஸ் இல்லாதப்பதான் வக்கீலுக்கு உண்மையான வேலையே, ஆனா அந்த வேலை உங்ககிட்ட எவ்வளவு இருக்குன்னு எண்ணிப் பாருங்க. போன வருஷம் புதுசா எத்தனை பையர் ஒப்பந்தம் போட்டீங்க, வாடகை அக்ரிமென்ட் எத்தனை, எவ்வளவு நோட்டீஸ் வந்துச்சு, எவ்வளவு விட்டீங்க. வருஷத்துக்கு நாலோ அஞ்சோதான்னா ரிட்டெய்னர் வேணாம், வேலைக்கு வேலை ஃபீஸ் குடுங்க. மாசத்துக்கு ரெண்டு மூணு பேப்பர் வந்துக்கிட்டே இருக்குன்னா ரிட்டெய்னர் லாபம், ஏன்னா காசு தனியா குடுக்கணும்னா "இத எதுக்கு கேட்டுக்கிட்டு"ன்னு நீங்களே படிக்காம கையெழுத்து போட்டுடுவீங்க.

அப்படி படிக்காம போடுற பேப்பர்ல மொதல் இடம் பையரோட பர்ச்சேஸ் ஆர்டர் பின்பக்கத்துக்கு. முன்பக்கம் அளவு, விலை, டெலிவரி தேதி, அத மூணு தடவ செக் பண்ணுவோம். பின்பக்கம் பொடி எழுத்துல "ஏதாவது தகராறுன்னா ஆர்பிட்ரேஷன், எடம் டெல்லி, ஆர்பிட்ரேட்டர எங்க எம்டி நியமிப்பாரு"ன்னு இருக்கும், அதாவது கோர்ட்டுக்குப் போகாம ஒரு நடுவர் வச்சு தீக்குறது. எதிர்ப்பக்கம் தானா ஒரே ஆள நியமிக்கிறது செல்லாதுன்னு 2019-ல இருந்தே சுப்ரீம் கோர்ட் சொல்லிக்கிட்டு வருது, ஆனா அந்த டெல்லிங்கிறது நிக்கும், 3 லட்சம் பாக்கிக்கு நீங்க டெல்லிக்கு டிக்கெட் போடணும். ஆர்டர் வாங்குற அன்னைக்கு ஒரு மெயில் போட்டு "கரூர்னு மாத்திக்கலாமா"ன்னு கேட்டா பாதி பையர் சரிம்பாங்க. இத பாத்துச் சொல்றதுக்குத்தான் ரிட்டெய்னர் வக்கீல்.

ரிட்டெய்னர்ல என்னென்ன அடங்கும், என்னென்ன அடங்காதுன்னு மெயில்ல எழுதிக்கங்க. நம்ம ஊர்ல இதுக்கு தனியா ஒப்பந்தம் போடுற பழக்கம் கம்மி, கேட்டா சில வக்கீலுங்க முகம் சுளிப்பாங்க, பரவால்ல. போன்ல கேக்குற யோசனை அடங்குமா, நோட்டீஸ் டிராஃப்ட் அடங்குமா, கோர்ட் கேஸ்னா தனி ஃபீஸா, தனின்னா மொத்தமா ஸ்டேஜ் ஸ்டேஜாவா, குமாஸ்தா செலவு, டைப்பிங், ஸ்டாம்பு எல்லாம் யாரு கணக்கு, கோர்ட்ல அவரே நிப்பாரா. இது ஒரு பக்கத்துக்கு மேல போகாது, ஆனா ஃபீஸ் தகராறுன்னு வர்றது எல்லாமே இந்தப் பக்கத்த எழுதாததாலதான் வருது.

ஆளு எப்படின்னு பாக்க இப்ப ஒரு வசதி இருக்கு. இ-கோர்ட்ஸ் ஆப்ல, வெப்சைட்ல வக்கீல் பேரப் போட்டே கேஸ் தேடலாம். எந்தக் கோர்ட்ல, எந்த மாதிரி கேஸ் நடத்துறாருன்னு தெரியும், ஒரு கேஸ திறந்தா எந்தெந்த தேதியில என்ன நடந்துச்சுன்னு வரிசையா இருக்கும். அதுல வக்கீல் வராம வராம தள்ளிப் போன வாய்தாவா இருந்தா யோசிங்க. ஆன்லைன்ல "டாப் 10 வக்கீல்"னு ரேட்டிங் போட்டு வர்றத நம்பாதீங்க, வக்கீல் விளம்பரம் பண்றதே பார் கவுன்சில் விதிப்படி கூடாது, 2024 ஜூலைல மெட்ராஸ் ஐகோர்ட் அந்த மாதிரி வெப்சைட்டுங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி உத்தரவே போட்டுச்சு. சங்கத்துல உங்கள மாதிரியே தொழில் பண்ற ரெண்டு பேர்கிட்ட கேளுங்க, கேஸ் ஜெயிச்சாரான்னு கேக்காதீங்க, போன் பண்ணா எடுக்குறாரான்னு கேளுங்க.

கேள்வி: வசூல் கேஸுக்கு ஒரு வக்கீல் முன்பணம் எதுவும் வேணாம், வர்ற பணத்துல 15 சதவீதம் குடுத்தா போதும்ங்கிறாரு. நல்ல டீல்தானே?

இந்தியாவுல கேஸ் முடிவப் பொறுத்து ஃபீஸ்னு வக்கீல் பேசவே கூடாது, வர்ற பணத்துல பங்கும் வாங்கக் கூடாது, பார் கவுன்சில் விதி. அமெரிக்காவுல நடக்குது, இங்க இல்ல. விதிய மீறித்தான் வேலையே ஆரம்பிக்கிறாருன்னா உங்க பணம் அவரு கைக்கு வந்தப்புறம் எந்த விதிய பாப்பாரு? ஃபீஸ ஸ்டேஜா பிரிச்சு குடுக்குறேன்னு கேளுங்க, நெறைய பேரு ஒத்துக்குவாங்க. கையில காசு இல்லைங்கிறதுதான் காரணம்னா, சிவில் வழக்குக்கு கோர்ட் ஃபீஸ் தமிழ்நாட்டுல 7.5 சதவீதமா இருந்தத 2017-ல 3 சதவீதமா குறைச்சாச்சு, 10 லட்சம் வழக்குக்கு சுமாரா 30,000 ரூபாய், பழைய கணக்க மனசுல வச்சு பயப்படாதீங்க.

கேள்வி: அண்ணா, அப்பா காலத்துல இருந்தே ஒரு வக்கீல்தான் எங்க ரைஸ் மில்லுக்கு. இப்ப எனக்கும் தம்பிக்கும் ஒத்து வரல, பிரிஞ்சுக்கலாம்னு பேச்சு. அவரே ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்து முடிச்சுக் குடுக்குறேங்கிறாரு. சரிப்படுமா?

பேசி முடிக்கிற வரைக்கும் சரிப்படும். அப்பாகிட்ட பழகுனவரு, ரெண்டு பேரையும் சின்னப் பசங்களா பாத்தவரு, ரெண்டு பேரையும் உக்கார வச்சு நாலு வார்த்த சொல்ல அவர விட ஆளு கெடைக்காது. ஆனா எழுதி கையெழுத்து போடுறதுன்னு வர்றப்ப நீங்க ஒரு வக்கீல்கிட்டயும் தம்பி ஒரு வக்கீல்கிட்டயும் தனித்தனியா காட்டிடுங்க. சந்தேகப்படுறதா நெனச்சுக்க வேணாம், அவருக்கும் இதுதான் நல்லது. மில்லோட கணக்கு, லோன், யாரு பேர்ல எது இருக்கு எல்லாம் ரெண்டு பேரும் நம்பி அவருகிட்ட சொன்னது, நாளைக்கு சமாதானம் முறிஞ்சு கோர்ட்டுன்னு போனா ஒரு விஷயத்துல ஒருத்தருக்கு வேலை பாத்த வக்கீல் அதே விஷயத்துல அவருக்கு எதிரா ஆஜராகக் கூடாதுன்னு விதியே இருக்கு. அவரு உங்க பக்கம் நின்னா தம்பி ஆட்சேபிப்பாரு, தம்பி பக்கம் நின்னா நீங்க சும்மா இருப்பீங்களா? மில் கேஸ விட்டுட்டு வக்கீல் கேஸ் நடந்துக்கிட்டு இருக்கும், நடுவுல நெல்லு சீசன் போயிடும்.

இப்பவே ஒரு வேலை பண்ணுங்க, மில்லு சம்பந்தப்பட்ட ஒரிஜினல் பத்திரம் எதெது அவரு ஆபீஸ்ல இருக்குன்னு லிஸ்ட் கேட்டு வாங்கி அண்ணன் தம்பி ரெண்டு பேருமே கையெழுத்து போட்டு வச்சுக்கங்க. சண்டை முத்துனதுக்கு அப்புறம் கேட்டா யாருக்கு குடுக்குறதுன்னு அவரே முழிப்பாரு.

கேள்வி: வக்கீல மாத்தணும். ஃபீஸ் பாக்கி இருக்குன்னு ஃபைல தரமாட்டேங்கிறாரு. என்ன பண்றது?

ஃபைல் உங்க சொத்து. ஃபீஸ் பாக்கிக்காக கேஸ் ஃபைல பிடிச்சு வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லன்னு 2000-த்துலயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. ஃபீஸ் நிஜமாவே பாக்கின்னா அவரு தனியா வழக்கு போட்டு வாங்கிக்கலாம், அது வேற. ஆனா மொதல் நாளே தீர்ப்ப காட்டி சண்டைக்குப் போகாதீங்க, நேர்ல போய் கணக்கு பேசுங்க, நியாயமான பாக்கின்னா குடுத்துடுங்க, குடுக்குறப்பவே வக்காலத்து (உங்களுக்காக கோர்ட்ல ஆஜராக வக்கீலுக்கு எழுதிக் குடுக்குற அதிகாரப் பேப்பர்) மாத்த ஆட்சேபனை இல்லன்னு எழுதி வாங்கிடுங்க. தரமாட்டேன்னா கோர்ட் அனுமதியோட பழைய வக்காலத்த ரத்து பண்ணிட்டு புது வக்கீல் ஆஜராகலாம், கோர்ட்ல தாக்கலான பேப்பருக்கு எல்லாம் நகல் மனு போட்டு வாங்கிக்கலாம். ஒரிஜினல் அவருகிட்ட மாட்டிக்கிச்சுன்னாதான் தலைவலி, அதனால மத்தவங்களும் கேளுங்க, கோர்ட் கேக்குற அன்னைக்கு வரைக்கும் ஒரிஜினல் உங்க பீரோவுல இருக்கட்டும், வக்கீலுக்கு ஜெராக்ஸ் போதும்.

வக்காலத்துன்னு சொன்னதும் ஞாபகம் வருது. வெல்ஃபேர் ஸ்டாம்பு ஒட்டுற இடம் விட்டு அச்சடிச்ச ஃபாரம், கோர்ட் பேரு காலி, கேஸ் நம்பர் காலி, பார்ட்டி பேரு காலி, கீழ ஒரு பென்சில் டிக், "இங்க ஒரு கையெழுத்து சார்"னு குமாஸ்தா நீட்டுவாரு, நாலு ஃபாரம், டீ வர்றதுக்குள்ள நாலு கையெழுத்து. நடுவுல இருக்குற அந்த நீள வாக்கியத்த ஒரு தடவையாவது படிங்க. சமாதானம் பண்ண, வழக்க வாபஸ் வாங்க, கோர்ட்ல இருந்து பணம் வாங்க எல்லாத்துக்கும் அதுல அதிகாரம் குடுத்திருப்பீங்க. காலி ஃபாரத்துல போடாதீங்க, பணம் வாங்குற அதிகாரம் வேணாம்னா அந்த வரிய அடிச்சுட்டு பக்கத்துல சின்னதா கையெழுத்து போடுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

கேள்வி: கோர்ட் சம்மன் வந்த அன்னைக்கே வக்கீல்கிட்ட குடுத்து ஃபீஸும் கட்டிட்டேன். "நான் பாத்துக்குறேன்"னாரு. இப்ப எக்ஸ்பார்ட்டி டிகிரி (நம்ம பக்கம் யாரும் ஆஜராகாததால ஒருதலையா வந்த தீர்ப்பு) ஆகி, அத நிறைவேத்தச் சொல்லி எக்ஸிகியூஷன் நோட்டீஸ் வந்திருக்கு. அவரு மேல கன்ஸ்யூமர் கோர்ட்ல போடலாமா?

கோபம் நியாயம், ஆனா மொதல்ல டிகிரிய பாருங்க, அவர அப்புறம் பாத்துக்கலாம். எக்ஸ்பார்ட்டி டிகிரிய ரத்து பண்ணச் சொல்லி மனு போட 30 நாள்தான். சம்மன் வந்திருக்கு, அதனால டிகிரி தேதியில இருந்தே எண்ணனும், தாண்டியிருந்தா தாமதத்த மன்னிக்கச் சொல்லி கூடவே இன்னொரு மனு. அதுல "வக்கீல்கிட்ட குடுத்துட்டேன்"னு ஒரு வரியோட நிறுத்தாம எந்தத் தேதியில குடுத்தீங்க, ஃபீஸ் எப்படி கட்டுனீங்க, வாட்ஸ்அப்ல எப்பெப்ப கேட்டீங்க, என்ன பதில் வந்துச்சுன்னு ஆதாரத்தோட போடணும். புது வக்கீல்கிட்ட இன்னைக்கே போங்க.

கன்ஸ்யூமர் கோர்ட் வழி இப்ப இல்ல, வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துல வராதுன்னு 2024 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பார் கவுன்சில்ல புகார் குடுக்கலாம், நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கு போடலாம், ரெண்டுமே மெதுவான வழி, பணம் திரும்ப வரும்னு எண்ணிக்கிட்டு போகாதீங்க.

மத்தவங்களுக்கு, கேஸ் குடுத்த அன்னைக்கே சிஎன்ஆர் நம்பர்னு 16 எழுத்து நம்பர் ஒண்ணு இருக்கும், அத கேட்டு வாங்கி ஆப்ல போட்டு வச்சுக்கங்க, அடுத்த தேதி தானா தெரியும். வக்கீலுக்கு கையில நூறு கேஸ் இருக்கும், உங்களுக்கு ஒண்ணுதான். தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி "சார், வியாழக்கிழமை பதிலுரை போடணும், டிராஃப்ட் ரெடியா"ன்னு ஒரு மெசேஜ் போடுங்க. இதுல அவமரியாதை ஒண்ணும் இல்ல. கமர்ஷியல் வழக்குன்னா இன்னும் உஷாரு, சம்மன் வந்து 120 நாளுக்குள்ள பதிலுரை போடலன்னா அப்புறம் கோர்ட்டே நெனச்சாலும் வாங்க முடியாது. நீங்களே வழக்கு போடுற பக்கம்னாலும், 3 லட்சத்துக்கு மேல வியாபாரத் தகராறு, அவசர தடை உத்தரவு எதுவும் கேக்கலன்னா மொதல்ல சமரசத்துக்கு மனு போட்டுட்டுத்தான் வழக்கு போட முடியும், இது கட்டாயம்னு 2022-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. சமரசம் இல்லாம நேரா வழக்கு மனு போட்டுடலாம்னு ஒரு வக்கீல் சொன்னா அவரு கமர்ஷியல் பக்கம் அதிகம் போனதில்லன்னு அர்த்தம்.

கேள்வி: வெளி வக்கீலுக்கு குடுக்குற காசுக்கு லா முடிச்ச ஒரு பையன சம்பளத்துக்கு போட்டுட்டா என்ன? எங்களுக்கு நாமக்கல்ல லாரி பாடி கட்டுற கம்பெனி, 60 பேரு வேலை பாக்குறாங்க.

போடுங்க, ஆனா எதுக்குன்னு தெரிஞ்சு போடுங்க. முழு நேர சம்பளத்துல இருக்குறவரு வக்கீலா பிராக்டிஸ் பண்ண முடியாது, உங்களுக்காக வக்காலத்து போட்டு கோர்ட்ல நிக்க முடியாது. அதனால வெளி வக்கீல் செலவு மிச்சமாகாது. இன்னொண்ணு, வெளி வக்கீல்கிட்ட நீங்க பேசுறதுக்கு இருக்குற ரகசியப் பாதுகாப்பு கம்பெனி சம்பளத்துல இருக்குற சட்ட ஆளுக்கு அதே அளவு கிடையாதுன்னு 2025 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. விபத்து, போலீஸ், டேக்ஸ் ரெய்டுன்னு சிக்கலான விஷயத்த ஆபீஸ் மெயில்ல பையனோட விவாதிக்காம நேரா வெளி வக்கீல்கிட்ட பேசுங்க.

பையனால என்ன பிரயோஜனம்னா, தேதி டைரி, பேப்பர் ஒழுங்கு, டெலிவரி சலான்ல கையெழுத்து வாங்குறது, வாட்ஸ்அப் சாட்ட போன் மாத்துறதுக்கு முன்னாடி எடுத்து வைக்கிறது, அத கோர்ட்ல காட்டணும்னா அதுக்கு வேணுங்கிற சான்றிதழ தயார் பண்றது, வக்கீல் ஆபீஸ்ல போய் உக்காந்து டிராஃப்ட்ட வாங்கிட்டு வர்றது. 60 பேரு கம்பெனில இதுக்கு வக்கீல் படிப்பே வேணாம், சுறுசுறுப்பான அக்கவுண்ட்ஸ் பொண்ணு ஒருத்தர் போதும்னுதான் எனக்குத் தோணுது. வெவ்வேற ஊர்ல கேஸ் பத்துப் பதினஞ்சு ஓடுதுன்னா அப்ப யோசிக்கலாம்.

கேள்வி: சார், நிட்வேர் எக்ஸ்போர்ட். எங்க அமெரிக்க பையர் சாப்டர் 11 (அந்த ஊரு திவால் மனு) ஃபைல் பண்ணிட்டான்னு மெயில் வந்திருக்கு, ரெண்டு ஷிப்மென்ட் பணம் நிக்குது. அங்க வக்கீல் வைக்கணுமா, இங்கயே கேஸ் போடலாமா?

இங்க போட்டு பிரயோஜனம் இல்ல. இந்தியக் கோர்ட் டிகிரிய அங்க கொண்டுபோய் அப்படியே நிறைவேத்துற ஏற்பாடு அமெரிக்காவோட நமக்கு இல்ல, தவிர சாப்டர் 11 போட்ட நிமிஷத்துல இருந்து அவன் மேல தனியா வசூல் நடவடிக்கை எதுவும் எடுக்க முடியாது. கடன்காரங்க வரிசையில நிக்கிறதுதான் வழி. அந்த கோர்ட்ல உங்க பாக்கிய சொல்லி ஒரு க்ளெய்ம் ஃபாரம் போடணும், அதுக்கு கடைசி தேதி உண்டு, மெயில்லயே இருக்கும், நல்லா தேடுங்க. அந்த சாதா க்ளெய்ம் ஃபாரத்துக்கு வக்கீல் கட்டாயம் இல்ல, கம்பெனி சார்பா நீங்களே நிரப்பி அனுப்பலாம்.

ஆனா ரெண்டாவது ஷிப்மென்ட் அவன் கைக்கு போன தேதிய உடனே பாருங்க. திவால் மனு போட்ட நாளுக்கு முந்தி 20 நாளுக்குள்ள அவன் சரக்க வாங்கியிருந்தா அந்தப் பணத்துக்கு மத்த சாதா கடன்காரங்கள விட முன்னுரிமை இருக்கு. ஒருத்தருக்கு ரூபாய்க்கு பத்துப் பைசா வர்ற இடத்துல இன்னொருத்தருக்கு முழுசும் வர்றதுக்குக் கூட இந்த 20 நாள் காரணமாகலாம். பில் ஆஃப் லேடிங் (கப்பல்ல ஏத்துனதுக்கான பேப்பர்) தேதி இல்ல, சரக்கு அவன் கைக்கு வந்த தேதி, அதுக்குண்டான பேப்பர சரக்கு அனுப்புன ஃபார்வார்டர்கிட்ட இன்னைக்கே கேளுங்க. இந்த முன்னுரிமை கேக்குறதுக்கு மட்டும் அங்க ஒரு திவால் வக்கீல் வைக்கிறது வொர்த், அவங்க பெரும்பாலும் மணிக்கணக்குக்கு பில் போடுவாங்க, மொத்தத்துக்கு ஒரு உச்ச வரம்பு மெயில்ல வாங்கிக்கிட்டு ஆரம்பிங்க. நாலஞ்சு எக்ஸ்போர்ட்டர் ஒரே பையர்கிட்ட மாட்டியிருந்தா சேந்து ஒரே வக்கீல வைக்கலாம், செலவு பங்காயிடும்.

இன்னொரு குண்டும் இருக்கு. மனு போடுறதுக்கு முந்தைய 90 நாள்ல அவன் உங்களுக்கு குடுத்த பணத்த திருப்பிக் குடுன்னு ரெண்டு வருஷம் கழிச்சுக் கூட லெட்டர் வரலாம். பயந்து உடனே செட்டில் பண்ணாதீங்க, வழக்கமான வியாபாரத்துல வழக்கமா வந்த பணம்னு காட்ட வழி இருக்கு, அதனால அந்த பையரோட பழைய இன்வாய்ஸ், பணம் வந்த தேதி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடாதீங்க. இசிஜிசி பாலிசி (ஏற்றுமதிப் பணம் வராம போனா ஈடு தர்ற இன்சூரன்ஸ்) இருந்தா இந்த மெயில் வந்த விஷயத்த மொதல்ல அவங்களுக்கு தெரியப்படுத்துங்க, வக்கீல் வைக்கிறதும் அவங்க சம்மதத்தோட பண்ணுங்க, லேட் ஆச்சுன்னா க்ளெய்ம்ல கை வைப்பாங்க. பேங்க்குக்கும் எழுத்துல சொல்லிடுங்க.

கேள்வி: வக்கீல் பில்லுல ஜிஎஸ்டியே போடல. நாங்க கட்டணுமா? டிடிஎஸ் பிடிக்கணுமா?

அவரு போடாதது சரிதான். வக்கீல் சேவைக்கு ரிவர்ஸ் சார்ஜ், 18 சதவீதம் நீங்கதான் கட்டணும், கட்டிட்டு தகுதி இருந்தா அத இன்புட் கிரெடிட்டா நீங்க கட்டுற ஜிஎஸ்டில கழிச்சுக்கலாம். முந்தின வருஷ டர்ன்ஓவர் ஜிஎஸ்டி பதிவு வரம்புக்குக் கீழ இருந்தா இது கிடையாது. டிடிஎஸ் 10 சதவீதம், 2025 ஏப்ரல்ல இருந்து வருஷத்துக்கு 50,000 தாண்டினா பிடிக்கணும், முன்னாடி 30,000-ஆ இருந்துச்சு. தனிநபர் தொழில்னா முந்தின வருஷ வியாபாரம் 1 கோடி தாண்டியிருந்தாதான் பிடிக்கிற கடமை. ஃபீஸ ரொக்கமா குடுத்து ரசீது இல்லாம விட்டீங்கன்னா இது எதுவுமே கணக்குல நிக்காது, பேங்க்லயே போடுங்க, நரேஷன்ல கேஸ் நம்பரையும் எழுதிடுங்க.

(டிரேட்மார்க் கேள்விகள் எட்டு வந்திருக்கு, அது தனி உலகம், அடுத்த இதழ்ல பாப்போம்.)